“இப்போது என்ன செய்கிறீர்கள்?” – வாசகர் கேள்வி பதில்

வழக்கமான வயதுக்கு முன்பே பணியிலிருந்து விலகிய வாசகர்கள் எழுதும் கடிதங்களில் பணத்தைப் பற்றிய சந்தேகம் குறைவாகவே இருக்கிறது. அந்தக் கணக்கை அவர்கள் பல ஆண்டுகள் போட்டுப் பார்த்து முடித்திருக்கிறார்கள். அவர்களைத் தடுமாற வைப்பது, புதிதாக அறிமுகமாகும் ஒருவர் நட்போடு கேட்கும் மிகச் சாதாரணமான ஒரு கேள்வி. அதையொட்டி வந்த கடிதங்களில் சிலவற்றை இம்முறை சேர்த்துத் தருகிறேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: எனக்கு வயது 46. மென்பொருள் துறையில் 22 ஆண்டுகள் பணியாற்றி, கடன்களை அடைத்து, இனி உள்ள காலத்துக்குச் சேமிப்பு போதும் என்று உறுதிசெய்துகொண்டு சென்ற ஆண்டு வேலையை விட்டேன். யாராவது என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால், “கன்சல்டன்ட்டாக இருக்கிறேன்” என்று சொல்லிவிடுகிறேன். சென்ற மாதம் ஒரு விழாவில் அப்படிச் சொன்னபோது, பக்கத்தில் இருந்தவர் தம் நிறுவனத்துக்கு அப்படி ஒருவர்தான் தேவை என்று என் எண்ணை வாங்கிக்கொண்டார். மூன்று முறை அழைத்துவிட்டார், நான் எடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால் பெருமையடிப்பதாக நினைப்பார்கள், அல்லது வேலை போனதை மறைப்பதாக நினைப்பார்கள். என்னதான் சொல்வது?

பதில்: முதலில் அந்த மனிதரை அழையுங்கள். “நான் வேலையிலிருந்து விலகிவிட்டேன், அன்றைக்கு அதைச் சரியாகச் சொல்லவில்லை, மன்னியுங்கள். எனக்குத் தெரிந்தவர்களில் பொருத்தமானவர் இருந்தால் சொல்கிறேன்” என்று சொல்லிவிடுங்கள். அவர் உங்கள் பதிலை எதிர்பார்த்து ஒரு வேலையைத் தள்ளிப்போட்டுக் கொண்டிருக்கக்கூடும்.

இனி, என்ன சொல்வது என்பதற்கு வருகிறேன். இந்தக் கேள்விக்கான பதிலை நான் ஒரே அளவுகோலால்தான் அளக்கிறேன்: அடுத்து வரும் இரண்டாவது கேள்வியை அது தாங்க வேண்டும். “கன்சல்டன்ட்” என்றால், “எந்த நிறுவனத்துக்கு?” என்று கேட்பார்கள். “சொந்தத் தொழில்” என்றால், “என்ன தொழில்?” என்பார்கள். “ஒரு சின்ன பிரேக்” என்றால், “எப்போது திரும்பச் சேர்கிறீர்கள்?” என்பார்கள். ஒவ்வொன்றுக்கும் நீங்கள் இன்னொரு பொய்யைத் தேட வேண்டியிருக்கும். ஆண்டில் சில வாரங்களாவது யாருக்காவது ஆலோசனை சொல்லிக் கட்டணம் வாங்குகிறவர் தம்மைக் கன்சல்டன்ட் என்று சொல்லிக்கொள்வதில் குறையில்லை. அப்படி எதுவும் செய்யாதவர் வாயில் அந்தச் சொல் முதல் விசாரிப்பிலேயே உதிர்ந்துவிடும்.

கேட்பவர்கள் எல்லாரும் ஒன்றையே கேட்பதில்லை என்பதையும் கவனித்திருப்பீர்கள். விழாவில் பக்கத்து நாற்காலியில் இருப்பவர் பேச்சைத் தொடங்க ஒரு நுனி தேடுகிறார். சிலர் உங்களை எந்தப் படியில் வைப்பது என்று அளந்து பார்க்கிறார்கள். வயதான உறவினருக்கு, இவனுக்கு வேலை போய்விட்டதோ, சொல்லக் கூச்சப்படுகிறானோ என்ற கவலை. தாமும் இப்படி விலகலாமா என்று மனத்துக்குள் யோசித்துக்கொண்டிருக்கும் நண்பருக்கோ வழி தெரிய வேண்டும். பக்கத்து நாற்காலிக்காரருக்கு உங்கள் முதலீட்டு விவரம் தேவையில்லை. அந்த நண்பருக்கு ஒற்றை வரி போதாது. உண்மையை மாற்றாமல், அதில் யாருக்கு எவ்வளவு சொல்வது என்பதை மட்டும் முடிவுசெய்துகொள்ள உங்களுக்கு முழு உரிமை உண்டு.

எந்த வினைச்சொல்லைப் பயன்படுத்துகிறீர்கள் என்பதில் நிறைய இருக்கிறது. “வேலை போய்விட்டது” என்றால் போனது வேலை. அதில் உங்களுக்குப் பங்கில்லை. “வேலை இல்லை” என்றால், தேடிக்கொண்டிருக்கிறீர்கள் என்று கேட்பவர் எடுத்துக்கொள்வார். “ஓய்வு பெற்றேன்” என்பதில், யாரோ கொடுக்க நீங்கள் வாங்கிக்கொண்டது போன்ற தொனி இருக்கிறது; 46 வயதுக்காரர் அதைச் சொல்லும்போது கேட்பவரின் நெற்றி சுருங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். ஓய்வுக்கென்று ஒரு வயது உண்டு என்ற எண்ணம் பெரும்பாலும் ஓய்வூதியச் சட்டங்களால் வேரூன்றியது. ஜெர்மனி 1889இல் முதியோர் ஓய்வூதியச் சட்டம் கொண்டுவந்தபோது 70 வயதை எல்லையாக வைத்தது. 1916இல் அதை 65 ஆகக் குறைத்தது. அமெரிக்காவின் 1935ஆம் ஆண்டுச் சட்டமும் 65 வயதையே எடுத்துக்கொண்டது. ஓய்வூதியம் எப்போது கிடைக்கத் தொடங்கும் என்பதைச் சொன்ன எண்கள் அவை. தம் சேமிப்பில் வாழக்கூடியவர் எப்போது வேலையை நிறுத்தலாம் என்பதைப் பற்றி அவை எதுவும் சொல்லவில்லை. “நிறுத்திக்கொண்டேன்”, “விலகிக்கொண்டேன்” என்று சொல்லிப் பாருங்கள்: முடிவெடுத்தவர் நீங்கள் என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது, அதில் பெருமையடிப்பும் இல்லை, ஒளிவும் இல்லை. “விருப்ப ஓய்வு” என்ற சொல்லையும் எல்லாரும் உடனே புரிந்துகொள்கிறார்கள்.

மரவேலை கற்றுக்கொள்வதாகக் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதை ஓரத்தில் வைக்காதீர்கள். “மென்பொருள் துறையில் 22 ஆண்டுகள் இருந்தேன், போதும் என்று சென்ற ஆண்டு நிறுத்திக்கொண்டேன், இப்போது மரவேலை கற்றுக்கொள்கிறேன்.” இதைச் சொன்னால் அடுத்த கேள்வி பெரும்பாலும் மரத்தைப் பற்றியே வரும். நான் 52 வயதில் விலகியபோது, முதல் ஓராண்டு பழைய பதவியை மட்டும் சொல்லி நிறுத்திவிடுவேன். கேட்டவர்களும் அதோடு நின்றுவிடுவார்கள். முடிந்துபோன ஒன்றைப் பற்றி மேற்கொண்டு பேச இருவருக்கும் எதுவும் இருக்காது. நிகழ்காலத்தில் ஒரு வரி சேர்த்த பிறகுதான் பேச்சு தொடர்ந்தது.

பதவியைச் சொல்லும்போது வராத தயக்கம் இப்போது ஏன் வருகிறது என்று உங்களையே நொந்துகொள்ள வேண்டாம். 1930களின் தொடக்கத்தில், ஆலை மூடப்பட்டதால் ஊரே வேலையிழந்து நின்ற ஆஸ்திரியாவின் மரியென்டால் என்ற சிற்றூரை ஆராய்ந்தவர்களில் ஒருவரான மரி யாஹோடா, வேலை மனிதருக்குக் கூலியைத் தவிர வேறு என்னவெல்லாம் தருகிறது என்பதைப் பிற்காலத்தில் தெளிவாக வகுத்துக் காட்டினார். நாளுக்கு ஓர் ஒழுங்கு, குடும்பத்துக்கு வெளியே மனிதர்களின் தொடர்பு, பலரோடு சேர்ந்த ஒரு நோக்கம், சமூகத்தில் ஓர் அடையாளம், இடைவிடாத செயல்பாடு ஆகியவை அவர் சொன்னவை. அவர் கண்டது வறுமையோடு சேர்ந்த வேலையின்மை. உங்கள் நிலை அதுவன்று. ஆயினும், சம்பளத்தை ஈடுகட்டவே நீங்கள் சேமித்தீர்கள். மற்ற ஐந்தையும் ஈடுகட்ட வங்கிக் கணக்கால் முடியாது. அந்த அடையாளம் இருந்த இடத்தைத் தொட்டுவிடுவதால்தான் இந்தக் கேள்வி இவ்வளவு உறுத்துகிறது. மரவேலைக் கூடத்தில் நாலு பேர் உங்களைப் பெயர் சொல்லி அழைக்கத் தொடங்கும்போது அந்த உறுத்தல் குறையும் என்று நம்புகிறேன்.

கேள்வி: வேலையிலிருந்து விலகிவிட்டேன் என்று உண்மையைச் சொன்னதும், “அப்படி எவ்வளவு சேர்த்தீர்கள்?” என்று கேட்கிறார்கள். சொல்ல மனமில்லை, மறுத்தால் முகம் வாடுகிறது.

பதில்: தொகையைச் சொல்ல வேண்டாம், முறையைச் சொல்லுங்கள். அமெரிக்க நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன் 1994இல் தம் நாட்டுச் சந்தையின் கடந்தகால விவரங்களை வைத்து ஒரு கணக்குப் போட்டார். சேமிப்பில் 4 சதவீதத்தை முதல் ஆண்டில் எடுத்து, பிறகு விலைவாசி உயர்வுக்கேற்ப அந்தத் தொகையை மட்டும் கூட்டிக்கொண்டே போனால், சேமிப்பு குறைந்தது 30 ஆண்டுகளுக்கு வந்திருக்கும் என்பது அவர் கண்ட முடிவு. ஆண்டுச் செலவின் 25 மடங்கு என்று பலர் சொல்வது இதிலிருந்து வந்ததுதான். இளம் வயதில் விலகுகிறவருக்கு 30 ஆண்டுகள் போதாது, ஒரு நாட்டின் பழைய கணக்கு இன்னொரு நாட்டின் எதிர்காலத்துக்கு உறுதி ஆகாது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். “ஆண்டுச் செலவைத் துல்லியமாக எழுதி வைத்து, அதன் பல மடங்கு சேரும்வரை காத்திருந்தோம்” என்ற பதில், உண்மையாகவே கற்றுக்கொள்ள விரும்புகிறவருக்கு உதவும். வெறும் ஆவலில் கேட்டவர் அதோடு விட்டுவிடுவார்.

ஒன்றை மட்டும் மறைக்காதீர்கள். குடும்பச் சொத்து கைக்கு வந்திருந்தாலோ, துணைவரின் சம்பளம் வீட்டை நடத்திக்கொண்டிருந்தாலோ, அதைச் சொல்லிவிடுங்கள். உங்களைப் பார்த்து ஒருவர் தம் வேலையை விட முடிவெடுக்கலாம். பாதிக் கதையை நம்பி அவர் அதைச் செய்யக் கூடாது.

கேள்வி: எனக்கு வயது 51. வங்கி அதிகாரியாக 26 ஆண்டுகள் பணியாற்றி விருப்ப ஓய்வில் வந்தேன். கணவர் இன்னும் பணியில் இருக்கிறார். நான் ஓய்வு பெற்றுவிட்டேன் என்று சொன்னால், “அப்படியென்றால் இப்போது வீட்டில்தான்” என்று முடித்துவிடுகிறார்கள். “நீதான் சும்மா இருக்கிறாயே” என்று உறவினர்கள் தங்கள் வேலைகளை என்னிடம் ஒப்படைக்கிறார்கள். தப்பிப்பதற்காக, நாள் முழுவதும் வேலை, மூச்சுவிட நேரமில்லை என்று சொல்லத் தொடங்கியிருக்கிறேன். அது உண்மையில்லை.

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்தபோது வருத்தமாக இருந்தது. ஓர் ஆண் 51 வயதில் விலகினால் அவர் ஓய்வு பெற்றவர்; பெண் விலகினால் அவர் வீட்டுக்குத் திரும்பியவர். “உத்தியோகம் புருஷ லட்சணம்” என்ற பழமொழியின் மறுபக்கம் இது: பெண்ணின் உத்தியோகத்தை இடையில் வந்து சேர்ந்த ஒன்றாகக் கருதுவதால், அதை அவர் முடித்ததையும் ஒரு நிறைவாக யாரும் பார்ப்பதில்லை. வீட்டைப் பார்த்துக்கொள்வது மதிப்புக் குறைந்த வேலை என்று நான் சொல்லவில்லை. 26 ஆண்டுகளை ஒரே வாக்கியத்தில் அழித்துவிடுவதுதான் தவறு.

மூச்சுவிட நேரமில்லை என்று சொல்லும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். டேவிட் எக்கர்ட் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1986இல் இதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். உழைப்பால்தான் மனிதருக்கு மதிப்பு என்று வாழ்நாள் முழுவதும் நம்பியவர்கள், வேலை நின்ற பிறகு தங்கள் ஓய்வை நியாயப்படுத்த, ஓயாமல் எதையாவது செய்துகொண்டிருப்பதாகச் சொல்லிக்கொள்கிறார்கள் என்றும், உண்மையில் எவ்வளவு செய்கிறார்கள் என்பதைவிட அப்படிப் பேசுவதே முக்கியமாகிவிடுகிறது என்றும் அவர் விளக்கினார். இந்தப் பேச்சுக்கு நாம் கொடுக்கும் விலை பெரிது. நேரமில்லை என்று நீங்கள் சொல்வதை நம்பி, நீங்கள் பார்க்க விரும்பும் தோழியும் அழைப்பதை நிறுத்திவிடுவார். அதைவிட, நேரம் இருந்தால் அது கேட்பவருக்குச் சொந்தம் என்பதை நீங்களே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுகிறது.

“சும்மா” என்ற சொல் உங்களை எவ்வளவு புண்படுத்தியிருக்கும் என்பது புரிகிறது. சும்மா இருத்தலை அடைவதற்கு அரிய நிலையாக நம் ஞானிகள் போற்றினார்கள். அன்றாடப் பேச்சிலோ அது பயனற்ற பொழுதைக் குறிக்கும் சொல்லாகச் சுருங்கிவிட்டது. உலக அளவில் வேலையைக் கணக்கெடுப்பவர்கள்கூட இன்று அவ்வளவு குறுகலாகப் பார்ப்பதில்லை. 2013 அக்டோபரில் ஜெனீவாவில் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு கூட்டிய தொழிலாளர் புள்ளியியலாளர் மாநாடு, ‘வேலை’ என்பதையும் ‘வேலைவாய்ப்பு’ என்பதையும் தனித்தனியாக வரையறுத்தது. ஊதியத்துக்காகவோ லாபத்துக்காகவோ செய்வது மட்டுமே வேலைவாய்ப்பு. வீட்டாருக்காகச் சமைப்பது, பிள்ளைகளையும் முதியோரையும் பார்த்துக்கொள்வது, ஊதியமின்றித் தொண்டு செய்வது எல்லாமே வேலை என்று அந்தத் தீர்மானம் சொல்கிறது. உறவினர்கள் உங்களிடம் தருவதும் வேலைதான். அதை ஏற்பதா வேண்டாமா என்று முடிவுசெய்ய வேண்டியவர் நீங்கள்.

ஆகவே, காரணம் தேடாமல் பதில் சொல்லிப் பழகுங்கள். “வியாழக்கிழமை முடியாது, வெள்ளிக்கிழமை காலை ஒரு மணி நேரம் வருகிறேன்” என்பது முழுமையான பதில். “ஏன், வியாழக்கிழமை என்ன வேலை?” என்று கேட்டால், “அன்றைக்கு எனக்கென்று வைத்திருக்கிறேன்” என்று சொல்லலாம், அது இரண்டாவது கேள்வியையும் மூன்றாவது கேள்வியையும் தாங்கும். உங்கள் கணவருக்கும் இதில் பங்கு இருக்கிறது. அவர் உங்களை மற்றவர்களுக்கு அறிமுகப்படுத்தும்போது, “வங்கி அதிகாரியாக இருந்து விருப்ப ஓய்வு பெற்றவர்” என்று ஒரு முறை சொன்னால், நீங்கள் பத்து முறை விளக்குவதற்குச் சமம். இந்தப் பக்கத்தை அவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: படிவங்களில் ‘தொழில்’ என்ற கட்டத்தில் எதை எழுதுவது? வங்கி, காப்பீடு, விசா என்று ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொன்றை எழுதிவருகிறேன்.

பதில்: அதை இன்றோடு நிறுத்துங்கள். பேச்சில் எவ்வளவு சொல்வது என்பது உங்கள் விருப்பம். கையெழுத்திடும் தாளில் அந்த விருப்பம் கிடையாது. சம்பளமோ தொழிலோ இல்லாமல் சேமிப்பில் வாழ்கிறவர் “ஓய்வு பெற்றவர்” என்று எழுதலாம். அந்தத் தேர்வு இல்லையென்றால் “மற்றவை” என்பதைக் குறித்து, விவரம் கேட்கும் இடத்தில் “பணியிலிருந்து விலகியவர், வருமானம் முதலீடுகளிலிருந்து” என்று எழுதுங்கள். வங்கிகள் தொழிலையும் பணம் வரும் வழியையும் சேர்த்துக் கேட்பது, கணக்கில் நடப்பது அந்த விவரத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதற்காக. சுயதொழில் என்று எழுதிய ஒருவரின் கணக்கில் வட்டியும் ஈவுத்தொகையும் மட்டுமே வந்துகொண்டிருந்தால், விளக்கம் கேட்டுக் கடிதம் வரலாம். விசாவுக்குப் பணியில் இருப்பவரிடம் நிறுவனத்தின் விடுப்புக் கடிதத்தையும், சுயதொழில் செய்பவரிடம் தொழில் பதிவையும் கேட்பார்கள். ஓய்விலிருப்பவர் ஓய்வூதியம் அல்லது சேமிப்பின் சான்றைக் காட்டினால் போதும். இல்லாத தொழிலை எழுதினால் இல்லாத ஆவணத்தை எங்கிருந்து கொண்டுவருவீர்கள்?

மிகவும் கவனம் வேண்டியது காப்பீட்டில். விண்ணப்பதாரர் தெரிந்த உண்மைகளை மறைக்காமல் சொல்வார் என்ற நம்பிக்கையின் மேல் எழுதப்படும் ஒப்பந்தம் அது. ஆயுள் காப்பீட்டின் தொகையை நிர்ணயிக்கும்போது வேலையால் வரும் வருமானத்தைப் பார்க்கிறார்கள். விபத்துக் காப்பீட்டில் தொழிலின் ஆபத்தைப் பார்க்கிறார்கள். தவறான விவரம் கொடுத்திருந்தால், பணம் தேவைப்படும் நாளில் கோரிக்கை மறுக்கப்படலாம், அப்போது பதில் சொல்ல நீங்கள் உயிரோடு இல்லாமலும் போகலாம். வேலையிழப்பையோ உடல்நலக் குறைவால் வருமானம் நிற்பதையோ ஈடுசெய்யும் பாலிசிக்கு இன்னும் பணம் கட்டிக்கொண்டிருந்தால், உங்கள் நிலை மாறியதை நிறுவனத்துக்குத் தெரிவித்து, அந்தப் பாலிசி இனி உங்களுக்குப் பயன்படுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: ஓய்வுக்குப் பிறகு வாரத்தில் இரண்டு மணி நேரம் கட்டணம் வாங்கி இசை வகுப்பு எடுக்கிறேன். நான் ஓய்வு பெற்றவரா, இல்லையா?

பதில்: கணக்கெடுக்கும் வாரத்தில் ஊதியத்துக்காக ஒரு மணி நேரம் வேலை செய்தாலே, பன்னாட்டு வரையறைப்படி நீங்கள் வேலையில் இருப்பவர். படிவத்தில் அந்த வருமானத்தையும் காட்டுங்கள். பேச்சில் “இசை சொல்லிக்கொடுக்கிறேன்” என்பதைவிட நல்ல பதில் எனக்குத் தோன்றவில்லை.

கேள்வி: என் ஒன்பது வயது மகளிடம் பள்ளியில் அப்பா என்ன வேலை செய்கிறார் என்று கேட்டபோது, “அப்பாவுக்கு வேலை இல்லை” என்று சொல்லிவிட்டு வந்து அழுதாள். நான் விலகி ஆறு மாதமாகிறது.

பதில்: நீங்கள் சொல்லிக்கொடுக்காத வாக்கியத்தை அவளே தேடிக்கொள்ள வேண்டியிருந்தது. பிள்ளைகளுக்கு இதில் இரண்டு பயங்கள் உண்டு: வீட்டில் பணம் இல்லாமல் போய்விடுமோ என்பது ஒன்று, அப்பா ஏதோ தவறு செய்ததால் அனுப்பிவிட்டார்களோ என்பது மற்றொன்று. இரண்டையும் அவளுக்குப் புரியும்படி நேராகப் பேசிவிடுங்கள். பல ஆண்டுகள் சம்பளத்தில் ஒரு பகுதியை எடுத்து வைத்தோம், அந்தப் பணத்தில் இப்போது வீடு நடக்கிறது, அப்பா தானாகவே நிறுத்திக்கொண்டேன் என்று சொல்லுங்கள். பிறகு, அடுத்த முறை கேட்டால் என்ன சொல்லலாம் என்று அவளையே யோசிக்கச் சொல்லுங்கள். “அப்பா பொறியாளராக இருந்தார், இப்போது வீட்டில் இருந்து எங்களைப் பார்த்துக்கொள்கிறார்” என்று அவளாகவே வந்துசேர்ந்தால், அதை அவள் தலைநிமிர்ந்து சொல்வாள். செல்வத்தைப் பற்றிய பேச்சை மட்டும் பள்ளிக்கு அனுப்பாதீர்கள். வேலைக்கே போக வேண்டாத அளவு பணம் இருக்கிறது என்று ஒரு குழந்தை சொன்னால், அது வேறு விதமாகத் திரும்பி வரும்.

கேள்வி: வயது 53. நிறுவனம் ஆட்களைக் குறைத்தபோது என்னையும் அனுப்பிவிட்டார்கள். எல்லாரிடமும் “சீக்கிரமே ஓய்வு எடுத்துக்கொண்டேன்” என்று சொல்லிவருகிறேன். உண்மையில் இரவில் விண்ணப்பங்கள் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். அடுத்த வாரம் என் பழைய மேலாளர் ஒருவரைச் சந்திக்கப் போகிறேன். அவரிடமும் இதையே சொல்வதா?

பதில்: வேண்டாம். மேலே எழுதியவர்கள் தங்கள் ஓய்வை வேலை என்ற சொல்லால் மூடுகிறார்கள். நீங்கள் வேலைத் தேடலை ஓய்வு என்ற சொல்லால் மூடுகிறீர்கள். உங்கள் நிலையில்தான் இழப்பு அதிகம். வேலை இல்லாமல், வேலைக்குத் தயாராக இருந்து, அதைத் தேடவும் செய்கிறவர் வேலையற்றவர் என்றும், தேடாதவர் உழைப்பாளர் கணக்குக்கு வெளியே இருப்பவர் என்றும் புள்ளிவிவரத்தில் பிரிப்பார்கள். உங்களைச் சுற்றியிருப்பவர்களும் அதையேதான் செய்கிறார்கள்: ஓய்வு என்று சொன்ன உடனே உங்களை வெளியே எழுதிவிடுகிறார்கள். தங்கள் அலுவலகத்தில் ஓர் இடம் காலியானால், ஓய்வில் நிம்மதியாக இருப்பவரை யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள். வேலையிழந்தோருக்கான உதவித்தொகை உள்ள நாட்டில் அதைப் பெறுகிறீர்கள் என்றால், எங்கேயும் ஓய்வு பெற்றவர் என்று எழுதிவிடாதீர்கள். பொதுவாக அது வேலைக்குத் தயாராக இருப்பவருக்கு மட்டுமே உரியது.

ஆட்குறைப்பு உங்கள் குற்றமில்லை. ஆனாலும் நெஞ்சில் அது அப்படி உட்கார்ந்திருப்பதை உங்கள் எழுத்தில் காண்கிறேன். இதுவரை மனைவியிடம்கூடச் சொல்லவில்லை என்றால், முதலில் அவரிடம் சொல்லுங்கள். ஓராண்டு தேடிய பிறகு, இருக்கிற சேமிப்பு போதும், இனித் தேட வேண்டாம் என்று நீங்களே முடிவெடுத்தால், அன்றைக்கு ஓய்வு என்ற சொல் உங்களுக்கு உரியதாகும். அதுவரை, “நிறுவனம் ஆட்களைக் குறைத்தபோது என் வேலையும் போயிற்று. இதே துறையில் தேடிக்கொண்டிருக்கிறேன். தெரிந்த இடம் இருந்தால் சொல்லுங்கள்” என்று சொல்லுங்கள். அடுத்த வாரம் சந்திக்கவிருக்கும் மேலாளரிடம், உட்கார்ந்த முதல் ஐந்து நிமிடங்களுக்குள் சொல்லிவிடுங்கள். விடைபெறும்போது சொன்னால், அவருக்கு யோசித்துப் பதில் சொல்ல நேரம் இருக்காது.